சங்ககிரி மலைக்கோட்டை: அடிவாரம் முதல் உச்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஒரு தடவையாவது போயிருந்தால் சங்ககிரி மலையைப் பார்த்திருப்பீர்கள். லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறை. கூர்ந்து பார்த்தால் அதன் மேனியில் மதில்கள் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். கொங்கு நாட்டில் மலைக்கோட்டைகள் பல உண்டு. இவ்வளவு முழுமையாக, வாயிலுக்கு மேல் வாயிலாக நிற்பது இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1,500 அடி உயரம். உடல்நலமுள்ள எவரும் ஏறலாம். ஆனால் ஏறுவது ஒன்றையே குறியாக வைத்துப் போனால் கால்வலிதான் மிஞ்சும். இந்தக் கோட்டை எந்த வழியைக் காத்தது, எந்த எதிரியை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்று புரிந்துகொண்டு ஏறினால் ஒவ்வொரு மதிலும் பேசும். ஆகவே பயணம் வீட்டிலேயே தொடங்கட்டும்.

முதலில் வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தை விரித்துத் தொப்பூர்க் கணவாயில் விரலை வையுங்கள். மைசூர்ப் பீடபூமியிலிருந்தும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாராமகாலிலிருந்தும் தெற்கே வரும் படை அந்தக் கணவாய் வழியே சேலம் சமவெளிக்கு இறங்கும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் காவிரிக்கரை. பவானி, குமாரபாளையம் பக்கம் ஆற்றைக் கடந்தால் பெருந்துறை, அவிநாசி, கோயம்புத்தூர், அதற்கப்பால் பாலக்காட்டுக் கணவாய், மேற்குக் கடற்கரை. இன்றைய தேசிய நெடுஞ்சாலை 544 போவதும் பெரும்பாலும் இந்தத் திசையில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் பெருவழி எவ்வளவு பழையது என்பதற்குக் கோவை சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டிய இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டே சாட்சி. அது சோழர் காலத்தது.

இந்த வழியில் சேலத்துக்கும் காவிரிக்கும் நடுவே நிற்கிறது சங்ககிரி. பாலங்களும் மேட்டூர் அணையும் வருவதற்கு முன்பு காவிரியில் ஆடி மாதம் புதுவெள்ளம் வந்துவிட்டால் பரிசலைத் தவிர வேறு வழி கிடையாது. பீரங்கியும் மாட்டுவண்டியும் கொண்ட படை வெள்ளம் வடியும் வரை இக்கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கும் படையைக் குனிந்து பார்க்கிற உயரத்தில் இந்த மலை இருக்கிறது. கோட்டைக்கு இடம் தேர்ந்தவர்கள் ஆற்றையும் கணக்கில் வைத்தே தேர்ந்தார்கள்.

விஜயநகர காலத்தில் தொடங்கிய கட்டுமானம் பிறகு மைசூர் ஆட்சியிலும், கடைசியில் கும்பினியார், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், கையிலும் வளர்ந்தது. ஹைதர், திப்பு காலத்தில் கொங்கு நாட்டு வரிப்பணம் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கும்பினி வசம் போயின. ஆற்றுக்கு அப்பாலுள்ள கோயம்புத்தூர்ச் சீமை 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே அவர்கள் கைக்கு வந்தது. தீரன் சின்னமலை காவிரிக்கு மேற்கே ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு அவர்களை எதிர்த்து நின்ற காலத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய பலமான பிடி சங்ககிரி. 1805இல் அவரை இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டதற்குக் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

எந்த மாதம், எந்த நாள்

மார்கழி, தை, மாசி முதல் பாதி. இந்த இரண்டரை மாதத்தை விட்டால் மற்றதெல்லாம் ஏதாவது ஒரு சமரசம்தான்.

பங்குனி முதல் வைகாசி வரை பாறை அனலாகக் கொதிக்கும். காலை ஒன்பது மணிக்கே படி சுடும். பதினொரு மணிக்கு மேல் நிழல் தேடி ஓட வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் இடியுடன் கோடைமழை பிடித்துக்கொள்வதும் சாதாரணம். மொட்டை உச்சியில் நிற்பவருக்கு மின்னலிடமிருந்து ஒதுங்க இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலை பச்சைப்பசேலென்று இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் படிகளில் பாசி வழுக்கும், இடுப்பளவு புல் வளர்ந்து கிணற்று வாயையும் மதில் விளிம்பையும் மறைத்துவிடும். முதல் முறை போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆடிப்பெருக்கு அன்று சின்னமலைக்கு அஞ்சலி செலுத்தச் சங்ககிரியில் பெருங்கூட்டம் கூடும். போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், காவல்துறைக் கெடுபிடியும் இருக்கும். அஞ்சலிக்காகவே போகிறீர்களென்றால் அந்த நாளுக்கு ஈடில்லை. கோட்டையை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள். மலைமேல் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருப்பதால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர்கள் ஏறுவார்கள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு அது ஒரு வசதி, வழியெங்கும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

தனியாக மட்டும் ஏறாதீர்கள். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், மற்றவர் இறங்கிப்போய் ஆள் கூட்டி வரலாம்.

போய்ச் சேர்வது

சேலத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஈரோட்டிலிருந்து 25க்குள், திருச்செங்கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு. பேருந்து ஏறும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: "ஏனுங், சங்ககிரி ஊருக்குள்ள போகுங்களா?" கோவை செல்லும் தொலைதூரப் பேருந்துகள் பைபாஸிலேயே பறந்துவிடும். நடத்துநர் இறக்கிவிட்டாலும் மேம்பாலத்தடியில் விட்டுவிடுவார். சேலம்-ஈரோடு சாதாரணப் பேருந்தோ, திருச்செங்கோடு வழி வரும் பேருந்தோ பிடித்தால் பேருந்து நிலையத்திலேயே இறங்கலாம்.

ரயிலில் வருகிறவர்கள் பயணச்சீட்டில் 'சங்கரி துர்க்' என்ற பெயரைத் தேட வேண்டும். நிலையத்தின் பெயர் அதுதான். பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்காது, நிலையமும் ஊரை விட்டுத் தள்ளியிருக்கிறது. ஈரோடு வரை ரயிலில் வந்து பேருந்து மாறுவதே சுலபம்.

பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரம் என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். சொந்த வண்டியில் வந்தால் அடிவாரத் தெருக்களில் வீட்டு வாசலை மறித்து நிறுத்தாதீர்கள். மலைமேல் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ஓடி வரப்போகிறவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர்தான் தலையாய பொருள். குளிர்மாதத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர், மற்ற மாதங்களில் மூன்று. மலைமேல் கடை கிடையாது. சுனைகள் உண்டு, சுனைநீரை நம்பி ஏறக் கூடாது. தேங்கி நிற்கும் நீரில் குரங்கும் ஆடும் வாய் வைத்திருக்கும், ஆட்கள் வீசிய குப்பையும் கிடக்கும். ஆளுக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் வையுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கால் லிட்டரில் கெட்டியாகக் கரைத்துக் குடித்தால் நீர்ச்சத்து இன்னும் குறையும்.

செருப்பு வேண்டாம். அடிப்பாகம் தேயாத, பிடிப்புள்ள ஷூ போடுங்கள். புதிய ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டினால் இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். முழுக்கால் சட்டை அவசியம். முட்புதரும் பூனைக்காஞ்சொறியும் வழியோரம் தாராளம். கோயிலிலும் தர்காவிலும் காலணியைக் கழற்ற வேண்டியிருப்பதால் தடிமனான காலுறை ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் பாறைச் சூடு தாங்கலாம்.

உச்சிவெயில் மண்டையைப் பிளக்காமல் இருக்கத் தொப்பியோ துண்டோ வேண்டும். பட்டப்பகலானாலும் டார்ச் ஒன்று கட்டாயம். எதற்கென்று பின்னால் சொல்கிறோம். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு பொருத்தம். கெடாது, உப்பும் உடம்புக்குச் சேரும். அதை வெள்ளை நெகிழிப் பையில் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பறித்துவிடும். முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

ஏறுவது: வாயில் வாயிலாக

விடிந்ததும் அடிவாரத்தில் இருங்கள். ஆறு, ஆறரைக்குத் தொடங்கினால் நின்று நிதானித்துப் பார்த்தபடி இரண்டு மணி நேரத்தில் உச்சி. மேலே ஒன்றரை மணி நேரம். பத்தே காலுக்குள் இறங்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் ஊருக்குள் வந்துவிடலாம்.

மலையின் மூன்று பக்கமும் செங்குத்து. ஏற ஒரே ஒரு பக்கம்தான். கோட்டையின் பலமும் அதுவே: தாக்க வருகிறவனும் நீங்கள் ஏறுகிற அதே வழியில்தான் வந்தாக வேண்டும். அந்த ஒரு வழியை அடுத்தடுத்து மதில் எழுப்பி அறுத்துப் போட்டிருக்கிறார்கள். மதில்கள் பதினான்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். படிகள் சில இடத்தில் பாறையிலேயே வெட்டியவை, சில இடத்தில் கல் அடுக்கியவை. ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இருக்காது. மாடிப்படி ஏறும் பழக்கத்தில் சீராகக் கால் வைத்தால் தடுக்கும். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்றுவிட்டால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

வாயிலை நெருங்கும்போது உடனே உள்ளே நுழையாமல் பத்தடி முன்னால் நில்லுங்கள். பாதை வாயிலுக்கு நேராகப் போகிறதா, திரும்பி நுழைகிறதா? மலைக்கோட்டைகளில் பாதையைக் கடைசி நேரத்தில் திருப்பிவிடுவார்கள். யானையோ, மரத்தூண் தூக்கிய ஆட்களோ ஓடிவந்து கதவை மோத நேரான ஓட்டம் வேண்டும்; திருப்பத்தில் அந்த ஓட்டம் கிடைக்காது. நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே இடமும் வலமும் அண்ணாந்து பாருங்கள். எத்தனை பக்கத்திலிருந்து உங்கள்மேல் கல்லெறிய முடியும் என்று எண்ணினால் வாயிலின் சூட்சுமம் புரிந்துவிடும்.

இப்போது டார்ச்சுக்கு வேலை. கதவுகள் போய்விட்டாலும் அவை நின்ற தடம் கல்லில் இருக்கும். நிலைக்கல்லின் அடியிலும் மேலேயும் கிண்ணம்போல் வட்டக்குழி தெரிகிறதா? கதவின் குடுமி சுழன்ற குழி அது. உள்பக்கம் பார்த்தால் பல்லாண்டு உராய்ந்து வழவழத்திருக்கும். பக்கச்சுவரில் எதிரெதிராகச் சதுரத் துளைகள் தென்பட்டால், கதவுக்குப் பின்னால் குறுக்கே போட்ட கணையமரம் செருகிய இடம் அது. துளையின் அகலத்தைப் பார்த்தே மரம் எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். தேளும் சுருட்டை விரியனும் பகலில் ஒதுங்குவது இத்தகைய பொந்துகளில்தான்.

கற்களையும் கவனியுங்கள். மதிற்கல்லின் ஓரத்தில் பல்வரிசை போன்ற அரைக்குழிகள் இருந்தால், அவை உளியால் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளந்த தடம். அதன் மறுபாதி பக்கத்துப் பாறையில் எங்காவது இருக்கும். கீழிருந்து சுமந்து வராமல் மலையிலேயே கல் உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழ்வரிசையில் பெருங்கற்களும் மேலே செங்கலும் சுண்ணாம்புமாக மதில் மாறுகிற இடங்களில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். துப்பாக்கி வந்த பிறகு மேற்சுவரின் தேவை மாறிவிட்டது. அந்தச் சுவரிலுள்ள துளைகளுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சில துளை தூரத்தைக் காட்டும், சில துளை சரிந்து மதிலடியைக் காட்டும். தூரத்தில் வருகிறவனுக்கு ஒன்று, மதிலுக்கடியில் ஒண்டிவிட்டவனுக்கு இன்னொன்று.

ஒரு பொதுக்குறிப்பு: படி தேய்ந்திருக்கும் பக்கமே வழி. புல்மேட்டில் ஆட்டுத்தடங்கள் நாலா பக்கமும் பிரியும். ஐந்து நிமிடமாகப் படியோ மதிலோ கண்ணில் படவில்லையென்றால் வந்த வழியே திரும்பி, கடைசியாகப் பார்த்த வாயிலுக்கு வந்துவிடுங்கள். குறுக்கே ஏறினால் செங்குத்துப் பக்கத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

மேலே

உச்சிப்பகுதி எதிர்பார்ப்பதைவிட விரிந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயில், தர்கா, தானியக் களஞ்சியம், சுனைகள், கும்பினி காலத்துக் கட்டடங்களின் சிதைவுகள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. பெருமாள் கோயில் வழிபாட்டில் உள்ள கோயில். பார்வையிட வந்தவர்களும் அந்த மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். தர்காவிலும் அப்படியே.

களஞ்சியத்தைப் பார்க்கும்போது சுவர்த் தடிமனையும் திறப்புகளின் சிறுமையையும் கவனியுங்கள். முற்றுகை மாதக்கணக்கில் நீளும். கோட்டை விழுவது பெரும்பாலும் பீரங்கியால் அல்ல, பசியாலும் தாகத்தாலும்தான். சுனைகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றைச் சுற்றி மதில் எப்படி வளைகிறது என்று பாருங்கள். நீரை வெளியே விட்டுவிட்டு மதில் போட எந்தப் படைத்தலைவனும் துணியமாட்டான்.

மரணக்கிணறு என்று ஊரார் காட்டும் கிணறு ஒன்று உண்டு. கைதிகளைத் தள்ளிய இடம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மேலே எந்தக் கிணற்றுக்கும் எந்தப் பள்ளத்துக்கும் ஆறடி தள்ளியே நில்லுங்கள். விளிம்பில் புல் படர்ந்திருந்தால் மண் எங்கே முடிகிறதென்று தெரியாது. குழந்தைகள் கையை இங்கே விடவே கூடாது. மதில்மேல் ஏறிப் படம் எடுப்பதும் அதே அளவு ஆபத்து, மேற்கற்கள் பல இடங்களில் பிடிமானமின்றி உட்கார்ந்திருக்கின்றன.

கடைசியாக, மேற்கு விளிம்புப் பக்கம் பாதுகாப்பான இடமாகப் பார்த்து அரைமணி நேரம் உட்காருங்கள். இதற்காகத்தான் ஏறி வந்தீர்கள். தெற்கே திருச்செங்கோட்டு மலை. வடகிழக்கே, வானம் தெளிந்திருந்தால், சேர்வராயன் மலைத்தொடர்; வடமேற்கே மேட்டூர்ப் பக்கத்துப் பாலமலை. மேற்கே பச்சைக்கோடாகக் காவிரிப் படுகை. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்புச் சாரியாக நகரும். அந்தச் சாலையில் ஒரு லாரியைத் தேர்ந்து, அது கண்ணில் பட்ட நொடியிலிருந்து மறையும் வரை எத்தனை நிமிடம் ஆகிறதென்று கணக்கிடுங்கள். பிறகு அதை மாட்டுவண்டி வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஊரும் வண்டித் தொடர் நாள்முழுக்க இந்த மலையின் கண்பார்வையிலேயே கிடந்திருக்கும். வாயில்களையெல்லாம் அடைத்துப் படையைத் திரட்ட அதைவிட அதிக நேரம் யாருக்கு வேண்டும்?

இறங்குவது

கால் பிசகுவது ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான். தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டால் அது உடம்பு தரும் எச்சரிக்கை. பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். உயரமான படிகளில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் முழங்காலுக்கு இதம். பாறைச்சரிவில் பாதம் முழுவதும் பதிய வேண்டும். குதிகாலை ஊன்றினால் வழுக்கும். பிற்பகலில் ஏறியவர்கள் குளிர்மாதத்தில் நான்கு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

என்னென்ன கோளாறு வரலாம்

மலைத்தேனீ: பாறை மடிப்புகளிலும் வாயில் வளைவுகளிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியம், புகை, உரத்த சத்தம் மூன்றும் ஆகாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, படிவழியே கூட்டை விட்டு விலகிப் போங்கள். எங்கேயாவது பதுங்கி உட்கார்ந்தால் விடாமல் கொட்டும். நிறையக் கொட்டு வாங்கியவருக்கும் மூச்சுத் திணறுபவருக்கும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைதான்.

வெயில் தாக்கம்: தலைசுற்றலும் குமட்டலும் வந்து வியர்த்துக் கொட்டினால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ உயிருக்கு ஆபத்து. உடனே உடம்பை நனைத்து விசிறியபடி 108ஐ அழையுங்கள்.

பாம்புக்கடி: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கியே இறக்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகவும்தான்.

இன்னொரு கோளாறு மனிதரால் வருவது. மதில்களில் பெயர் கிறுக்குவது, குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுவது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து, சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகின்றன. முன்அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, இருநூறு ஆண்டுக்கு முன் இங்கே உயிர்விட்டவர்களை நினைத்தாவது அந்தச் சுவரைச் சும்மா விடலாம். உங்கள் குப்பையோடு வழியில் கிடக்கும் பத்துப் பாட்டிலையும் சேர்த்து இறக்கி வந்தால் பெரிய புண்ணியம்.

அதே நாளில் இன்னும் ஒன்று

கால் ஒத்துழைத்தால் திருச்செங்கோடு அருகில்தான். படிவழி ஆயிரத்துச் சொச்சம் என்பதால் சங்ககிரி ஏறிய கையோடு அதையும் ஏறாமல் மலைப்பாதையில் பேருந்தில் போய் அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்கலாம். பெரியவர்களால் சங்ககிரி ஏற முடியவில்லையென்றால் அவர்களை நாமக்கல்லுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒற்றைப் பாறைமேல் சிறிய கோட்டை. கால்மணி, இருபது நிமிட ஏற்றம். சங்ககிரியில் பார்த்த துளைச்சுவரை அங்கே பக்கத்திலிருந்தே பார்க்கலாம். அடியில் அதியமான் மரபினர் குடைந்த நரசிம்மர் குடைவரையும் உண்டு.

சின்னமலையின் வரலாற்றைத் தொடர்ந்து போக விரும்புகிறவர்கள் ஈரோட்டுக்கு வந்து அரச்சலூர்ப் பேருந்தில் ஏறி ஓடாநிலை மணிமண்டபத்தைப் பார்த்துவிடலாம். மலையிறங்கியதும் புறப்பட்டால் பிற்பகலுக்குள் முடியும். மதியச் சாப்பாட்டை ஈரோட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓடாநிலையில் பெரிய உணவகங்கள் இல்லை.